முதல் பிளாட்ஃபார்மர் லெவல்: பொருட்களை எங்கே வைப்பது, எப்படித் திருத்துவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கோடோ என்ற கேம் எஞ்சினில் முதன்முதலாக ஒரு பிளாட்ஃபார்மர் கேம், அதாவது மேடைக்கு மேடை தாவிச் செல்லும் கேம், செய்கிறீர்கள். மேடை, காசு, முள், எதிரி எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து இழுத்து வைத்தாகிவிட்டது. இப்போது ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று கெடுகிறது. சில மேடைகளுக்குத் தாவினால் எட்டவில்லை. ஒரு மேடையின் கொலிஷனை (மோதலைக் கணக்கிடும் எல்லை வடிவத்தை) நீட்டினால் மற்ற மேடைகளிலும் நீள்கிறது. பார்க்க நிறைய இருந்தும் ஆடச் சுவாரசியமாக இல்லை. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

லெவலை அப்படியே விட்டுவிட்டு முதலில் தாவலைப் பாருங்கள் என்பேன். பிளாட்ஃபார்மரில் ஒரு பொருள் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்லக் கண்ணளவு போதாது. உங்கள் கேரக்டர் எவ்வளவு உயரம் தாவும், எவ்வளவு தூரம் தாவும் என்ற இரண்டு எண்கள் வேண்டும். அவை தெரியாமல் மேடையை எத்தனை முறை நகர்த்தினாலும் யூகம்தான்.

இந்த எண்களைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. கோடோவில் கேம் கட்டும் அடிப்படை அலகுக்கு நோடு என்று பெயர். கேரக்டருக்கான கேரக்டர்பாடி2டி நோடுக்கு ஸ்கிரிப்ட் சேர்க்கும்போது வரும் ஆயத்த டெம்பிளேட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஓடும் வேகம் நொடிக்கு 300 பிக்சல், தாவும் வேகம் 400. ஈர்ப்பு விசை இயல்பாக 980. தாவும் உயரம் என்பது தாவும் வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் வருவது. 1,60,000-ஐ 1,960-ஆல் வகுத்தால் சுமார் 82 பிக்சல். ஓடும்போது எஞ்சின் ஒவ்வொரு ஃப்ரேமாகக் கணக்கிடுவதால் இரண்டு மூன்று பிக்சல் கூடும், அவ்வளவுதான். காற்றில் இருக்கும் நேரம் 800-ஐ 980-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.82 நொடி. அந்த நேரத்தில் 300 வேகத்தில் கடக்கும் தூரம் சுமார் 245 பிக்சல்.

உங்கள் டைல், அதாவது லெவலைக் கட்டும் ஒரு சதுரக் கட்டம், 32 பிக்சல் என்றால் இதன் அர்த்தம் என்ன? இரண்டு கட்ட உயரச் சுவரில் (64 பிக்சல்) ஏறலாம். மூன்று கட்டத்தில் (96) ஒருபோதும் ஏற முடியாது. சம உயரத்தில் ஏழு கட்ட இடைவெளியைத் தாண்டலாம். எட்டுக் கட்டம் 256 பிக்சல்; கணக்குப்படி முடியாது. ஆனால் கேரக்டரின் உடல் அகலமும் சேரும். பின்கால் விளிம்பில் இருக்கும்போது தாவி, முன்கால் மறு விளிம்பைத் தொட்டால் போதும் என்பதால், 20 பிக்சல் அகலமுள்ள கேரக்டர் எட்டையும் எப்படியோ தாண்டிவிடும். இதுதான் ஆபத்து. லெவலைச் செய்தவர் நீங்கள்; நூறு முறை ஆடிப் பழகிய கை. நீங்கள் தாண்டிவிட்டால் "முடிகிறதே" என்று அப்படியே விட்டுவிடுவீர்கள். புதிதாக ஆடுபவர் அங்கேயே செத்துச் செத்து விழுவார்.

உயரம் மாறினால் தூரமும் மாறும் என்பதைத் தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இதே எண்களில், இறங்கும் மேடை ஒரு கட்டம் உயரத்தில் இருந்தால் எட்டும் தூரம் சுமார் 218 பிக்சலாகக் குறைகிறது, அதாவது 6.8 கட்டம். இரண்டு கட்டம் உயரத்தில் இருந்தால் 180 பிக்சல்கூட இல்லை, ஐந்தரைக் கட்டம்தான். அதுவே மூன்று கட்டம் தாழ்வாக இருந்தால் 303 பிக்சல், அதாவது ஒன்பதரைக் கட்டம். ஆக, ஒரு மேடையை "கொஞ்சம் மேலே தூக்கி வைப்போமே" என்று ஒரு கட்டம் நகர்த்தும்போது அதன் இடைவெளியையும் மாற்றிவிடுகிறீர்கள். உங்களுக்கு எட்டாமல் போன மேடைகளில் பாதி இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலையாக, தனியே ஒரு சோதனை சீன் (நோடுகளைச் சேர்த்துச் சேமிக்கும் கோப்பு) செய்யுங்கள். நீளமான தரை, அதில் ஒன்று, இரண்டு, மூன்று கட்ட உயரச் சுவர்கள், அடுத்து மூன்றிலிருந்து எட்டுக் கட்டம் வரை வரிசையாக இடைவெளிகள். அதில் கேரக்டரை ஓடவிட்டு, தாவல் பிடிக்கும்வரை எண்களை மாற்றுங்கள். பிடித்ததும் அவற்றைத் தொடாதீர்கள். லெவல் பாதி கட்டிய பிறகு தாவும் வேகத்தை 400-லிருந்து 450 ஆக்கினால் உயரம் 82-லிருந்து 103 பிக்சலாகிவிடும். அதுவரை தடுப்பாக இருந்த மூன்று கட்டச் சுவர்கள் எல்லாம் திடீரென்று ஏறக்கூடியவை ஆகிவிடும். கட்டிய லெவல் முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

என் வழக்கம்: உச்சபட்சத் தூரம் ஏழு கட்டம் என்றால், லெவலின் முதல் பாதியில் நான்குக்கு மேல் இடைவெளி வைப்பதில்லை. பிற்பாதியில் ஐந்து. ஆறு என்பது கடைசிப் பகுதிக்கு மட்டும். ஏழை, விருப்பப்பட்டவர்கள் மட்டும் போய்ப் பார்க்கும் ரகசிய இடத்துக்கு ஒதுக்கிவிடுவேன்.

சரி, இனி கட்டத்துக்கு வருவோம். கையால் இழுத்து வைத்த பொருட்களின் பொசிஷனை இன்ஸ்பெக்டரில் பாருங்கள், 412.37 என்பது போன்ற எண்கள் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு மேடைகளுக்கு இடையே ஒரு பிக்சல் மேடு பள்ளம் இருந்தால் கேரக்டர் அங்கே முட்டி நிற்கும், அல்லது லேசாகக் குதிக்கும். பிக்சல் ஆர்ட் என்றால் ஓரங்கள் மினுமினுக்கவும் செய்யும். கோடோ 4-இல் ஷிஃப்ட்+ஜி அழுத்தினால் பொருட்களைக் கட்டக்கோட்டில் ஒட்டவைக்கும் கிரிட் ஸ்னாப் வரும். இயல்பான கட்ட அளவு 8 பிக்சல். அதை ஸ்னாப் அமைப்புகளில் போய் உங்கள் டைல் அளவுக்கு, வேண்டுமானால் அதில் பாதிக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கும் குறைவாகப் போகாதீர்கள். கால் கட்டம் நகர்த்தினால்தான் சரியாகும் என்ற நிலை வந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

ஸ்னாப் போட்டும் பொருள் கோட்டில் உட்காராமல் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிறதா? அதற்குக் காரணம் பொருளின் மூலப்புள்ளி. கோடோவில் ஸ்பிரைட் (படத்தைக் காட்டும் நோடு) இயல்பாகவே நடுமையத்தில் நிற்கும். அதன் நடுப்புள்ளிதான் கோட்டில் ஒட்டும். 32 பிக்சல் படத்தை 32 பிக்சல் கட்டத்தில் வைத்தால் நான்கு கட்டங்களில் கால் கால் பங்காகப் பரவி நிற்கும். தரையில் நிற்கும் எல்லாவற்றுக்கும் மூலப்புள்ளியைக் காலடியில் வையுங்கள்: எதிரி, கதவு, கொடிக்கம்பம், பெட்டி எல்லாம். அதாவது அந்தப் பொருளின் சீனில் படத்தையும் கொலிஷனையும் மேலே தூக்கி, பூஜ்யப் புள்ளி பாதத்தின் நடுவில் வருமாறு செய்ய வேண்டும். பிறகு தரைக்கோட்டில் ஸ்னாப் செய்தாலே அது தரையில் நிற்கும். நாளைக்கு எதிரியின் படத்தைப் பெரிதாக்கினாலும் தரைக்குள் புதையாது. யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் கேம் செய்பவர்களுக்கும் இதே விதிதான். அங்கே ஸ்பிரைட்டின் பிவட்டை (மூலப்புள்ளியை) கீழ்நடுவுக்கு மாற்றினால் போதும்.

தரையையும் சுவரையும் தனித்தனி நோடுகளாக வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை மாற்றிவிடுங்கள். அசையாத நிலம் முழுவதும் டைல்மேப்பாக, அதாவது கட்டம் கட்டமாக டைல்களால் நிரப்பிய ஒரே பரப்பாக, இருக்க வேண்டும். கோடோ 4.3-இலிருந்து இதற்கு டைல்மேப்லேயர் என்ற நோடு இருக்கிறது. பழைய டைல்மேப் நோடு இன்னும் இருந்தாலும் புதிய வேலைக்கு அது வேண்டாம். செவ்வகக் கருவி, வாளிக் கருவி, வலது கிளிக்கில் அழிப்பு, தேர்ந்தெடுத்து நகர்த்துவது, நகலெடுப்பது எல்லாம் அதிலேயே உண்டு. ஒரு மலையை இரண்டு கட்டம் வலப்பக்கம் தள்ள வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்து இழுத்தால் முடிந்தது. யூனிட்டியில் டைல்மேப் கொலைடருடன் காம்போசிட் கொலைடரையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டைலும் தனிப்பெட்டியாக இருந்து, சமதரையில் ஓடும் கேரக்டர்கூட டைல் இணைப்பில் தட்டுப்படக்கூடும்.

அசைவது, எடுக்கப்படுவது, கொல்வது, திறப்பது: இவை மட்டும் தனிப்பொருட்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சீனாக இருக்க வேண்டும். இங்கேதான் உங்கள் "ஒன்றை நீட்டினால் எல்லாம் நீள்கிறது" புதிருக்கு விடை இருக்கிறது. கண்ட்ரோல்+டி போட்டு ஒரு மேடையை நகலெடுக்கும்போது நோடுகள்தான் புதிதாக உருவாகின்றன. அவற்றுக்குள் இருக்கும் கொலிஷன் வடிவம் ஒரு ரிசோர்ஸ் (பல நோடுகள் பகிரக்கூடிய தரவு) என்பதால் எல்லா நகல்களும் அந்த ஒரே வடிவத்தையே பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் கைப்பிடியை இழுத்தால் அத்தனையும் மாறும். உடனடித் தீர்வு, அந்த வடிவத்தின் மேல் வலது கிளிக் செய்து "மேக் யூனிக்" கொடுப்பது. ஆனால் இருபது மேடைக்கும் இருபது முறை இதைச் செய்துகொண்டிருப்பது வேலைக்கு ஆகாது.

நிலையான தீர்வு: ஒரு மேடையை மட்டும் ஒழுங்காக அமைத்து, சீன் மரத்தில் வலது கிளிக் செய்து "சேவ் பிராஞ்ச் அஸ் சீன்" மூலம் தனிச் சீனாக்குங்கள். அதன் ஸ்கிரிப்டில் "எத்தனை கட்ட அகலம்" என்று ஒரு எக்ஸ்போர்ட் மாறி (இன்ஸ்பெக்டரிலேயே மாற்றக்கூடிய மதிப்பு) வையுங்கள். அந்த எண்ணைப் பார்த்துத் தனக்கான புதிய வடிவத்தையும் படத்தின் அகலத்தையும் மேடையே அமைத்துக்கொள்ளட்டும். ஸ்கிரிப்டின் தலையில் @tool என்ற குறிப்பைச் சேர்த்தால் எடிட்டரிலேயே அகலம் மாறுவதைப் பார்க்கலாம். அப்புறம் லெவலில் எத்தனை மேடை வைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மட்டும் கொடுத்தால் போதும். மேடையின் நிறத்தையோ ஓசையையோ மாற்ற நினைத்தால் மூலச் சீனில் ஒருமுறை மாற்றுங்கள். எல்லா இடத்திலும் மாறிவிடும்.

ஸ்கேல் கருவியால் மேடையை இழுத்து நீட்டுவதை விட்டுவிடுங்கள். படம் சப்பையாகிவிடுவது ஒரு பக்கம். கொலிஷன் வடிவத்தை ஸ்கேலால் நீட்டக் கூடாது, அதன் சொந்த அளவை மாற்ற வேண்டும் என்று கோடோ ஆவணமே சொல்கிறது. ஸ்கேல் எல்லா இடத்திலும் 1, 1 என்று இருக்கட்டும்.

நகல்களில் இன்னொரு நுட்பம். லெவலில் வைத்த ஓர் எதிரியின் வேகத்தை மட்டும் தனியாக மாற்றினால், இன்ஸ்பெக்டரில் அந்த மதிப்பின் பக்கத்தில் வளைந்த அம்புக்குறி வரும். மூலத்திலிருந்து விலகிவிட்டது என்று பொருள். இனி மூலச் சீனில் வேகத்தை மாற்றினாலும் அந்த எதிரிக்கு அது போய்ச் சேராது. வேண்டுமென்றே செய்தால் நல்லதுதான். கை தவறி ஐந்தாறு இடத்தில் இப்படி ஆகியிருந்தால், எந்த எதிரி ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்று தேடியே பொழுது போய்விடும். யூனிட்டியில் இதே விஷயம் தடித்த எழுத்தில் தெரியும். அங்கே இன்னொரு பொறியும் உண்டு: பிளே மோடில் இருக்கும்போது நகர்த்தியவை எல்லாம் நிறுத்தியதும் பழையபடி ஆகிவிடும். புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் மாட்டுவார்கள்.

இனி ஒழுங்குபடுத்தும் முறை. பெரும்பாலான பாடங்கள் "காசுகள்", "எதிரிகள்", "மேடைகள்" என்று வகைவாரியாக நோடுகளைப் பிரிக்கச் சொல்லும். நான் இடவாரியாகப் பிரிக்கச் சொல்வேன். லெவலை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோடு2டி வைத்து, அதற்குள் அந்தப் பகுதியின் டைல்மேப்லேயர், மேடைகள், எதிரிகள், காசுகள் அனைத்தையும் போடுங்கள். ஏனென்றால் திருத்த வேலை எப்போதும் இடவாரியாகத்தான் வரும். "இரண்டாவது பள்ளத்துக்கு முன்னால் மூச்சு வாங்க ஆறு கட்டத் தரை வேண்டும்" என்று தோன்றும்போது, அதற்கு வலப்பக்கம் இருக்கும் எல்லாம் ஆறு கட்டம் நகர வேண்டும். வகைவாரியாகப் பிரித்திருந்தால் ஐந்து குழுக்களில் புகுந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு காசு தப்பினாலும் அது அந்தரத்தில் நிற்கும். பகுதிவாரியாகப் பிரித்திருந்தால், அடுத்து வரும் பகுதிகளின் தாய் நோடுகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து எக்ஸ் மதிப்பில் 192 கூட்டினால் முடிந்தது. நகர்த்துவது எப்போதும் டைலின் மடங்காகவே இருக்கட்டும். முடித்த பகுதிகளின் தாய் நோடுகளை மேலே கருவிப்பட்டையில் இருக்கும் குழுச் சின்னம், பூட்டுச் சின்னம் இரண்டாலும் பூட்டிவிடுங்கள், தவறி இழுபடாது.

பகுதிகளைத் தனித்தனிச் சீன்களாகவே சேமித்தால் இன்னொரு வசதி: ஒரு பகுதியை மட்டும் திறந்து எஃப்6 அழுத்தி ஆடிப் பார்க்கலாம். அதற்கு ஆட்டக்காரர், கேமரா இரண்டும் அந்தச் சீனில் இருக்க வேண்டும். சோதனைக்கென்று தற்காலிகமாகச் சேர்த்து, பிறகு எடுத்துவிடுங்கள்.

எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். இதற்கு 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலை ஒருமுறை நிதானமாக ஆடிப் பாருங்கள். அதைச் செய்தவர்கள் கட்டம் போட்ட தாளில் லெவல்களை வரைந்தார்கள். நீங்கள் ஸ்னாப் போட்டுச் செய்வதும் அதே வேலைதான். தொடக்கத்தில் கேரக்டர் இடப்பக்கம் நிற்கிறது, வலப்பக்கம் வெற்றிடம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எழுதிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. முதல் எதிரி தனியாக, சமதரையில் வருகிறது. லெவலின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் உண்டு. நடுவில் வெறும் தரை. தவறினாலும் சாகமாட்டோம். கொஞ்சம் தள்ளி அதே போன்ற இன்னொரு ஜோடி. இம்முறை நடுவில் பள்ளம். பாதுகாப்பாக ஒருமுறை பழக்கிவிட்டு, அப்புறம் அதே தாவலுக்கு விலை வைக்கிறார்கள்.

உங்கள் லெவலிலும் ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் இந்த முறையைக் கையாளுங்கள். நகரும் மேடையை முதன்முதலில் காட்டும்போது கீழே முள் வேண்டாம், தரை இருக்கட்டும். இரண்டாம் முறை கீழே பள்ளம். மூன்றாம் முறை அந்த மேடையுடன் ஓர் எதிரி. ஒரே லெவலில் புதுப் பொருள் இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். "நிறைய இருந்தும் சுவாரசியமாக இல்லை" என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் பொருட்கள் நிறைய வகை இருந்தும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே கிடப்பதுதான். முள் ஒரு இடத்தில், எதிரி ஒரு இடத்தில், நகரும் மேடை ஒரு இடத்தில் என்று பரப்பி வைத்தால் அது பட்டியல் மாதிரி இருக்கும். இரண்டே பொருளை எடுத்து நான்கு விதமாகச் சேர்த்துப் பாருங்கள்.

காசு அலங்காரம் இல்லை, வழிகாட்டி. தாவலின் வளைவிலேயே காசுகளை வைத்தால் எங்கே தாவத் தொடங்க வேண்டும், எங்கே இறங்குவோம் என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். நாம் போட்ட கணக்கே இதற்கும் உதவும்: 245 பிக்சல் தூரத் தாவலில், கால் தூரத்தில் (61 பிக்சல்) உயரம் சுமார் 61, பாதித் தூரத்தில் 82, முக்கால் தூரத்தில் மறுபடி 61. இந்த மூன்று இடங்களில் காசு வைத்தால் ஓட்டத்தோடு தாவுபவருக்கு மூன்றும் தானாகக் கிடைக்கும். காசு வைக்கும் உயரத்தை மட்டும் கேரக்டரின் இடுப்பு மட்டத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், பாத அளவில் வைக்காதீர்கள். இன்னொன்று, அடிப்பகுதி தெரியாத பள்ளத்துக்குள் காசை வைத்து ஏமாற்றாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர் அப்புறம் உங்கள் காசு எதையும் நம்பமாட்டார், வழிகாட்டி போய்விடும்.

எதிரியை வைக்கும்போது, ஆட்டக்காரர் அதை எப்போது முதன்முதலில் பார்க்கிறார் என்று கணக்கிடுங்கள். கோடோ 4-இன் இயல்பான திரை அகலம் 1152 பிக்சல். கேமரா நடுவில் இருந்தால் முன்னால் தெரிவது 576 பிக்சல். 300 வேகத்தில் ஓடுபவருக்கு அது 1.9 நொடி அவகாசம். கேமரா ஸூமை 2 ஆக்கினால் அவகாசம் ஒரு நொடிக்கும் கீழே போய்விடும்; எதிரி அவரை நோக்கி வந்தால் இன்னும் குறையும். ஸூமை மாற்றினால் லெவலின் கடினமும் மாறும் என்பதை மறக்காதீர்கள். தாவி இறங்கும் இடத்திலேயே எதிரியை நிறுத்துவது மலிவான வேலை. இறங்கும் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று கட்டம் தள்ளி நடமாட விடுங்கள். கீழ்நோக்கிக் குதிக்க வேண்டிய இடத்தில், இறங்கும் தரை குதிக்கும் முன்பே திரையில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், அல்லது மேடையைத் தாழ்த்துங்கள்.

முள்ளின் கொலிஷன் படத்தைவிடச் சிறியதாகவும், காசின் கொலிஷன் படத்தைவிடப் பெரியதாகவும் இருக்கட்டும். நூலிழையில் தப்பியது போலத் தெரிந்தால் தப்பியதாகவே கணக்கில் வர வேண்டும். தொட்டது போலத் தெரிந்தால் காசு கையில் வந்திருக்க வேண்டும். டீபக் மெனுவில் "விசிபிள் கொலிஷன் ஷேப்ஸ்" என்பதை இயக்கிவிட்டு ஆடினால் எல்லா வடிவங்களும் கண்ணுக்குத் தெரியும். படமும் வடிவமும் பொருந்தாத இடங்கள் ஐந்து நிமிடத்தில் மாட்டும்.

கூரையை மறந்துவிடாதீர்கள். தலைக்கு மேல் ஒரு கட்டம்தான் இடமென்றால் தாவல் பாதியில் முட்டிக் கீழே வரும், தூரமும் குறையும். மேலே தெரிவது வெறும் சுவர் என்று நினைத்து வைத்தது, கீழே இருக்கும் பள்ளத்தைத் தாண்ட முடியாததாக்கிவிடும். அதே போலப் பள்ளங்கள் ஒவ்வொன்றையும் ஒரு கேள்வி கேளுங்கள்: விழுந்தால் சாவா, ஏறி வரலாமா? இரண்டும் இல்லையென்றால் ஆட்டக்காரர் உள்ளே சிறைப்பட்டு, கேமை மூடுவதைத் தவிர வழியில்லாமல் நிற்பார். நம் எண்களில் மூன்று கட்ட ஆழமுள்ள, முள்ளில்லாத குழி எல்லாம் இந்த வகைதான். லெவலுக்கு அடியில் நீளமாக ஒரே ஒரு ஏரியா2டி (உள்ளே வருவதைக் கண்டறியும் நோடு) வைத்து, அதைத் தொட்டால் சாவு என்று அமைத்துவிட்டால், பள்ளத்துக்குப் பள்ளம் தனியாக வைக்க வேண்டாம்.

கீழிருந்து ஏறக்கூடிய மெல்லிய மேடைகளுக்குக் கொலிஷனில் ஒருவழி மோதல் வசதி உண்டு. ஒரு டிக் போதும். செக்பாயின்ட்டை (செத்த பிறகு மறுபடி தொடங்கும் இடத்தை) கடினமான இடத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். செத்த பிறகு பத்து நொடி சும்மா நடந்து வர வைத்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

அலங்காரம் கடைசி. புல், பூ, மேகம், விளக்கு எதையும் லெவல் ஆட நன்றாக இருக்கிறது என்று தெரியும்வரை தொடாதீர்கள். சாம்பல் நிறப் பெட்டிகளோடு ஆடுங்கள். அலங்கரித்த இடத்தை மாற்றக் கை வராது, அதுதான் காரணம். பின்னணி மங்கலாகவும், நிற்கக்கூடியவை அழுத்தமாகவும் இருக்கட்டும். கோடோவில் சீன் மரத்தில் கீழே இருப்பது மற்றவற்றின் மேல், அதாவது முன்னால், வரையப்படும். அது போதாத இடத்தில் மட்டும், வரையும் வரிசையை எண்ணால் குறிக்கும் இசட் இண்டெக்ஸைத் தொடுங்கள். ஆளுக்கொரு எண்ணாகக் கொடுத்துக் குழப்பிக்கொள்ளாமல் பின்னணிக்கு மைனஸ் 10, தரைக்கு 0, கேரக்டருக்கு 5, முன்னணிக்கு 10 என்று நான்கே எண்ணை முடிவு செய்துகொள்ளலாம்.

இடைவெளிகள் சரியாக இருந்தும் ஆடுபவர்கள் "நான் தாவினேன், அது தாவவில்லை" என்று சொன்னால் மேடையை நகர்த்தாதீர்கள். விளிம்பைத் தாண்டிய பிறகும் ஐந்தாறு ஃப்ரேம் வரை தாவலை ஏற்பது, தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அழுத்திய பட்டனை நினைவில் வைத்து இறங்கியதும் தாவ வைப்பது: இந்த இரண்டையும் கேரக்டர் ஸ்கிரிப்டில் சேருங்கள். 2018-இல் வந்த செலஸ்ட் மிகக் கடினமான கேம். அதிலேயே இந்தச் சலுகைகள் இரண்டும் உண்டு. நொடிக்கு அறுபது ஃப்ரேமில் ஆறு என்பது 0.1 நொடி, ஆடுபவர் உணரமாட்டார். உங்கள் லெவல் மட்டும் நியாயமானதாகத் தெரியத் தொடங்கும்.

அப்புறம் வேறொருவரை ஆட விட்டுப் பாருங்கள், வாயைத் திறக்காமல். "அங்கே தாவு" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்தச் சோதனை வீண். கேரக்டர் சாகும்போது அதன் பொசிஷனை அச்சிடும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் போட்டு வையுங்கள். ஆடி முடித்ததும் அவுட்புட்டில் சாவு நடந்த இடங்கள் வரிசையாக இருக்கும். எக்ஸ் மதிப்பு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கேதான் திருத்தம். அங்கேயும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்: இடைவெளியை ஒரு கட்டம் குறையுங்கள், அல்லது எதிரியை நகர்த்துங்கள், அல்லது எடுத்தேவிடுங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாது. எடுத்துவிடுவதை முதலில் முயன்று பாருங்கள் என்பது என் கட்சி; தொடக்கக்காரர் லெவலில் குறைவாக இருப்பதைவிட அதிகமாக இருப்பதே வழக்கம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் கிட்டில் (Git, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு, போடுங்கள். கோடோவின் சீன் கோப்பு வெறும் டெக்ஸ்ட் என்பதால், எந்த நோடின் பொசிஷன் எதிலிருந்து எதற்கு மாறியது என்பதை டிஃபில் (இரண்டு பதிவுகளின் வேறுபாட்டுப் பட்டியலில்) வரிக்கு வரி படிக்கலாம். நேற்று நன்றாக இருந்த தாவல் இன்று எட்டாமல் போனால், எந்த மேடை நகர்ந்தது என்று அங்கே தெரிந்துவிடும்.